சக்கரத்தின் மேல் ஒரு கொலு

நம் ஊரில் ரிடையர் ஆனவர்கள் என்ன செய்வார்கள்? பி.எஃப். பணம் கைக்கு வந்ததும் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எழுப்புவார்கள். காசி, கயா, ராமேஸ்வரம் என்று ஒரு சுற்று. அதன் பிறகு காலையில் நடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் கோயில். அமெரிக்காவிலோ, ரிடையர் ஆகிற தம்பதிகளில் ஒரு பெரிய கூட்டம் வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பி விடுகிறது. அந்த வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர். உள்ளே படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம் எல்லாம் உண்டு. இரவு எங்கே நிறுத்துகிறோமோ அதுதான் நம் அகம்!

அப்படி ஒரு வண்டியில் பதினைந்து நாள் குடித்தனம் நடத்திவிட்டு வந்தவள் நான். நடந்தது 2023-ஆம் வருஷம் அக்டோபரில். என் பெரியக்காவும் அத்திம்பேரும் கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷமாக இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள். அக்கா மூத்தவள், நான் கடைக்குட்டி. எனக்கும் அவளுக்கும் பதினெட்டு வயசு வித்தியாசம். அவளை எனக்கு இரண்டாவது அம்மா என்றே சொல்லலாம்.

ரிடையர் ஆன மறு வருஷமே அத்திம்பேர் இருபத்துநாலு அடி நீளத்தில் செகண்ட் ஹாண்டு ஆர்.வி. ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தி விட்டார். அதோடு விட்டாரா? "வீட்டை வித்துடலாம். நாம ரெண்டு பேருக்கு எதுக்கு நாலு ரூம்? இதிலேயே இருந்துண்டு எல்லா நேஷனல் பார்க்கும் பாத்துடலாம்" என்று ஆரம்பித்தார். வீடே இல்லாமல் வருஷம் முழுக்க இப்படியே வாழ்கிறவர்கள் அங்கே நிறைய உண்டாம். தபாலுக்கும் லைசென்ஸுக்கும் ஒரு விலாசம் வேண்டுமே என்று, மாநில வருமான வரி இல்லாத தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃப்ளோரிடா இவற்றில் ஒன்றில் விலாசத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்களாம். அறுபத்தைந்து வயது ஆனவர்களுக்கு அரசாங்கம் தரும் மெடிகேர் வைத்திய வசதியும், அதன் மூலத் திட்டத்தில் இருந்தால், நாடு முழுக்கச் செல்லும். அத்திம்பேர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. "என் கொலுப் பொம்மையெல்லாம் எங்கே போகும்?"

கராஜில் ஏழு பெட்டி பொம்மைகள். அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடி, மாயவரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன செட்டியார், செட்டிச்சி, தசாவதாரம்... அங்கே போன நாளாக ஒரு நவராத்திரிகூடக் கொலு வைக்காமல் இருந்ததில்லை அவள். அத்திம்பேருக்கு அது ஏழு பெட்டி. அக்காவுக்கு அது பிறந்த வீடு. ஒரு வருஷமாக இதே பேச்சு, இதே மனஸ்தாபம். கடைசியில் அக்கா என்னை வரவழைத்தாள். "ஒரு நடை போய்ப் பாப்போம். நீயும் கூட வந்து பாத்துட்டு, நடக்கிற காரியமான்னு சொல்லு" என்றாள். அத்திம்பேர் நாள் குறித்ததோ நவராத்திரியோடு சேர்ந்து! முகாம்களில் அப்போதுதான் இடம் கிடைத்ததாம். அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். "கொலுவும் வரும்."

கிளம்புவதற்கு முன்னால் அக்கா செய்த இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, அந்த வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். கார் ஓட்டிப் பழக்கம் உண்டுதான். இது ஒரு சின்ன லாரி மாதிரி. ஆனால் கலிபோர்னியாவில் இந்த அளவு வண்டிக்குச் சாதாரணக் கார் லைசென்ஸே போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் ஒரு காலேஜ் வாகன நிறுத்தத்தில் ஆறு வாரம் பழகினாள். அத்திம்பேருக்கு இஷ்டமில்லை. "நான்தான் இருக்கேனே?" என்றார். இவள் பதில் சொல்லாமல் ரிவர்ஸ் எடுத்துக் கொண்டிருந்தாள்.

இரண்டாவது, கொலு. ஓட்டுகிறவர் தலைக்கு மேலே ஒரு பரண் மாதிரிப் படுக்கை இருக்கிறது. அதில் மூன்று படி கட்டலாம் என்று அளந்தாள். வண்டி குலுங்குமே? அங்கே பூகம்ப பயம் இருப்பதால் ஷோகேஸ் சாமான்கள் விழாமல் ஒட்டி வைக்க, பிசைந்த மாவு போல ஒரு பசைக் களிமண் விற்கிறார்கள். பொம்மை அடியில் ஒரு உருண்டை வைத்து அழுத்தினால் போதும், நகராது. வேண்டாதபோது திருகி எடுத்து விடலாம். ஏழு பெட்டியிலிருந்து பதினேழு பொம்மைகள் தேர்ந்தெடுத்தாள். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆயிற்று. பெட்டிக்குள் திரும்பப் போன ஒவ்வொரு பொம்மையையும் அவள் பார்த்த பார்வை இருக்கிறதே!

மாலிபு கோயில் என்று சொல்லுகிற கலபசாஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். பின்னால் இரட்டைச் சக்கரம், ஆகவே ஆறு எலுமிச்சம்பழம்!

முதல் ஊர் லாஸ் வேகாஸ். 270 மைல், நடுவில் முழுக்கப் பாலைவனம். அந்த நகரத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. விளக்கு, விளக்கு, மறுபடி விளக்கு. ஆர்.வி.யோடு நகரத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். நடு ஊருக்குள் வண்டியைக் கொண்டு போகக் கூடாது. பாதி இடத்தில் கூரை இடிக்கும், மீதி இடத்தில் நிறுத்த இடம் இருக்காது. ஊர் ஓரத்து முகாமில் விட்டுவிட்டு மாடி பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்தோம். அக்காவுக்குக் கால் வீங்கிப் போயிற்று. நீண்ட நேரம் உட்கார்ந்தே பிரயாணம் செய்தால் அப்படித்தான் ஆகும். அன்றிலிருந்து இரண்டு மணிக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்தி எல்லோரும் பத்து நிமிஷம் நடப்பது என்று சட்டம் போட்டு விட்டோம்.

அங்கிருந்து யூட்டா மாநிலத்தில் உள்ள ஸயான் பூங்கா. நுழைவாயிலில் ஒரு வண்டிக்கு 35 டாலர். ஆனால் அக்காவும் அத்திம்பேரும் ஒரு காசு கொடுக்கவில்லை. அந்த நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கும் 62 வயது ஆகிவிட்டால் ஆயுள் முழுவதற்கும் ஒரே சீட்டு, 80 டாலர். 2017 வரை பத்து டாலர்தான் இருந்ததாம்! அரசாங்க முகாம்கள் பலவற்றில் வாடகையும் பாதி. அங்கே உறவினர் இருந்து நீங்களும் போவதாக இருந்தால், இது 2023-ஆம் வருஷத்துக் கணக்கு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஸயான், பிரைஸ், கிராண்ட் கான்யன் உட்படப் பதினோரு பூங்காக்களில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் என்று வைத்து விட்டார்கள். போகுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. வைத்திய இன்ஷூரன்ஸ் இல்லாமல் அந்த ஊருக்குப் போகவே போகாதீர்கள்.

ஸயானில் செங்குத்தாகச் சிவப்பும் வெள்ளையுமாக மலைகள். பள்ளத்தாக்கின் உள்ளே நம் வண்டியை விடுவதில்லை. பூங்காவின் இலவச பஸ்தான். அதனால் புகை இல்லை, ஹாரன் இல்லை. ஆற்றோரமாகச் சமதளமான பாதை, முட்டி வலிக்காரர்களும் நடக்கலாம். அத்திம்பேரும் நானும் போய் வந்தோம். அக்கா பஸ் நிற்கும் இடத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து விட்டாள். "எனக்கு இது போறும்டி. ஒத்தரும் காப்பி கேக்காம ஒரு மணி நேரம் உக்காந்து எத்தனை வருஷம் ஆச்சு!" என்றாள்.

வண்டிக் குடித்தனத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் வாசகியர் என்னை மன்னிக்க மாட்டீர்கள். குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் வண்டியின் தொட்டியில் 40 காலன், அதாவது சுமார் 150 லிட்டர் தண்ணீர். மூன்று பேர், மூன்று நாள். மாயவரத்தில் நான் துணி அலசவே அவ்வளவு கொட்டியிருப்பேன். குளிக்கும்போது உடம்பை நனைத்ததும் குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலம்ப வேண்டும். தட்டைத் தேய்க்குமுன் காகிதத்தால் வழித்துத் துடைத்து விட்டால் ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்று தட்டு அலம்பலாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமோ? அத்திம்பேர்! வீட்டில் சமையலறை வாசற்படி தாண்டாத மனுஷர். இந்த வண்டியில் சமையலறை வேறு, ஹால் வேறு என்று கிடையாதே. நாலடிக்குள் நின்றுகொண்டு சும்மா பேப்பர் படிக்க அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது போலும். மூன்றாம் நாள் கறிகாய் நறுக்கினார். பெரிதாகத்தான் நறுக்கினார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

தொட்டிகளில் நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, அலம்பிய தண்ணீருக்கு ஒன்று, கக்கூஸுக்கு ஒன்று. பின் இரண்டும் நிரம்பினால் அதற்கென்று உள்ள இடத்தில் தடித்த குழாய் மாட்டித் திறந்து விட வேண்டும். முதலில் கக்கூஸ் தொட்டி, பிறகு குளித்த தண்ணீர். அப்போதுதான் பின்னது குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. இது அத்திம்பேர் இலாகா. செலவில் பெரியது பெட்ரோல்தான். ஒரு காலனுக்கு எட்டு ஒன்பது மைல், நம் கணக்கில் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் இருக்கும். அக்கா ஒவ்வொரு பங்க்கிலும் கண்ணை மூடிக்கொண்டு விடுவாள்.

ஸயானை விட்டுக் கிழக்கே போக மலையைக் குடைந்த ஒரு சுரங்கப் பாதை. 1930-இல் திறந்தது, நீளம் ஒரு மைலுக்கு மேல். அந்தக் காலத்துக் கார்களுக்குத் தோண்டினது. எங்கள் வண்டி மாதிரி உயரமானது போனால் ஓரத்து வளைவில் கூரை இடிக்கும். ஆகவே 15 டாலர் வாங்கிக்கொண்டு, எதிர்ப் பக்கப் போக்குவரத்தை முழுக்க நிறுத்தி, நடுரோட்டில் போகச் சொன்னார்கள். எதிரே காத்திருந்த அத்தனை கார்களையும் தாண்டி நாங்கள் கல்யாண ஊர்வலம் மாதிரி வெளியே வந்தோம். 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளுக்கு அந்த வழியே கிடையாது, சுற்றித்தான் போக வேண்டும் என்று அறிவித்து விட்டார்கள்.

அடுத்தது பிரைஸ் கான்யன். எட்டாயிரம் அடிக்கு மேல் உயரம். விளிம்பில் நின்று கீழே பார்த்தால், ஆரஞ்சும் ரோஜா நிறமுமாக ஆயிரக்கணக்கான கல் தூண்கள், படிப்படியாக, நெருக்க நெருக்கமாக. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "யாரோ கொலு வெச்சுட்டு எடுக்க மறந்துட்டா மாதிரி இருக்கேடி!" என்றாள். வருஷத்தில் பாதி நாள் அங்கே இரவில் உறைந்து பகலில் உருகுமாம். பாறை இடுக்கில் புகுந்த தண்ணீர் ஐஸாகி விரிந்து விரிந்து பாறையைப் பிளந்து இப்படிச் செதுக்கியிருக்கிறது. அந்தப் பக்கத்துப் பழங்குடியினரான பயூட் மக்களின் கதையில், இந்தத் தூண்கள் எல்லாம் சாபத்தால் கல்லாய்ப் போன ஜனங்களாம். நம் அகலிகை ஞாபகம் வந்தது.

உயரத்தில் இன்னொரு விஷயம். தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் 92 டிகிரியிலேயே கொதித்து விடும். கொதிக்கிறதே தவிர, பருப்பு வேகாது. குக்கர் இல்லாவிட்டால் சாம்பார் கிடையாது! எங்கள் குக்கர் விசில் அடித்ததும் பக்கத்து வண்டிக்காரர் தீயணைக்கும் கருவியோடு ஓடி வந்தார், பாவம்.

அக்டோபர் 14, சனிக்கிழமை. அன்று மஹாளய அமாவாசை. அன்றே சூரிய கிரகணம். அதுவும் கங்கண கிரகணம், சூரியன் நடுவில் மறைந்து சுற்றிலும் வளையல் மாதிரி மிஞ்சுவது. இந்தியாவில் அது தெரியவில்லை, அப்போது நமக்கு ராத்திரி. பிரைஸிலோ அது முழுசாகத் தெரிகிற பாதை. காலை ஒன்பதே காலுக்குள் ஆரம்பித்துப் பன்னிரண்டு மணி வரை. முகாம் முழுக்க விசேஷக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். நாங்கள் மட்டும் ஊறுகாயில் தர்ப்பை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம். கங்கண கிரகணத்தில் சூரியன் ஒரு நிமிஷமும் முழுதாக மறைவதில்லை, ஆகவே வெறும் கண்ணால் ஒரு விநாடிகூடப் பார்க்கக் கூடாது. அக்கா ஜல்லிக்கரண்டியைக் கொண்டுவந்து வெயிலில் பிடித்தாள். பத்தரை மணிக்கு, கீழே விரித்திருந்த வெள்ளை வேஷ்டியில், அந்த ஓட்டைகள் அத்தனையும் குட்டிக் குட்டி வளையல்களாக விழுந்தன! பக்கத்து வண்டிக் குழந்தைகள் ஓடி வந்து, அந்தக் கரண்டியை வாங்கி வாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள்.

அத்திம்பேர் தர்ப்பணம் செய்தார். முகாம் ஆபீஸில் கேட்டுக்கொண்டு, எள்ளும் தண்ணீரும் ஒரு பைன் மரத்தடியில் விட்டோம். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் குக்கரை ஏற்றினேன். எழுந்திருந்த மனுஷர் அப்படியே வண்டிப் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து விட்டார். முகம் வெளுத்துப் போயிற்று. தலை சுற்றுகிறது என்றார். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை.

அக்கா பதறவில்லை. படுக்க வைத்து, காலை உயர்த்தி, பி.பி. மிஷினை மாட்டினாள். குறைவாகக் காட்டியது. இன்ஷூரன்ஸ்காரர்களின் நர்ஸுக்குப் போன் செய்தாள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்று கேட்டார்கள். காலையில் பி.பி. மாத்திரையை விழுங்கியதோடு சரி, பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. அத்தனை உயரத்தில் காற்று உலர்ந்து கிடக்கும். நமக்குத் தெரியாமலே உடம்பில் நீர் வற்றி விடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள், ஒரு மணி நேரத்தில் சரியாகாவிட்டால், மார்வலி, மூச்சுத் திணறல் இருந்தால் உடனே அவசர உதவிக்குக் கூப்பிடுங்கள், நாளைக்கு இவர் வண்டி ஓட்டவே கூடாது என்றாள் அந்த நர்ஸ். கஞ்சியும் தண்ணீருமாகக் கொடுத்து, சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்தார். விரதம் இருக்கிற வீடுகளில், பி.பி., சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் இருந்தால், டாக்டரை முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பகவான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்று இரவு அக்கா கொலு வைத்தாள். அமாவாசையன்று படி கட்ட வேண்டுமே! வெளியே பல்லைக் கிட்டும் குளிர். உள்ளே அத்திம்பேர் போர்வைக்குள் படுத்துக்கொண்டே ஒவ்வொரு பொம்மையாக எடுத்துக் கொடுக்க, இவள் பசை உருட்டி ஒட்டினாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் மரப்பாச்சியைக் கொடுக்கும்போது அவர், "நாளைக்கு நீ ஓட்டறியா?" என்று கேட்டார். "பின்னே, இவளா ஓட்டுவா?" என்று என்னைக் காட்டினாள்.

மறுநாள் ஞாயிறு, நவராத்திரி முதல் நாள். பிரைஸிலிருந்து கிராண்ட் கான்யன் ஏறக்குறைய 280 மைல். அக்கா ஸ்டியரிங்கில், தலைக்கு மேலே தசாவதாரம், பக்கத்தில் நான், பின்னால் அத்திம்பேர். நாலரை மணிக்கு ராகுகாலம், அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்றாள். ஆனால் யார் கடிகாரத்தில்? யூட்டாவில் கோடைக்காக ஒரு மணி முன்னால் வைத்த நேரம். அரிசோனா எல்லை தாண்டினால் அப்படி வைப்பதில்லை, ஒரு மணி குறைகிறது. நடுவில் நவஹோ பழங்குடியினரின் தேசம் வருகிறது, அவர்கள் மறுபடி முன்னால் வைக்கிறார்கள். ஒரே நாளில் மூன்று தடவை மணி மாறினால் ராகு என்ன செய்வார்? "ராகுகாலம் சூரியனை வெச்சு. உன் வாட்ச்சை வெச்சு இல்லே. நீ ரோட்டைப் பாரு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. இறக்கங்களில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் கியரைக் குறைத்து விட்டு மெதுவாக இறங்கினாள். பெரிய லாரிகள் தாண்டும்போது காற்று நம்மைத் தள்ளும். ஒரு தடவைகூட அத்திம்பேர் "ஜாக்கிரதை" என்று சொல்லவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருக்க எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று நான் கண்ணாடியில் பார்த்தேன்.

கிழக்கு வாசல் வழியாகப் போனால் முதலில் தெரிவது ஒரு கல் கோபுரம். எழுபது அடி உயரம், பழங்குடியினர் கட்டின பழைய கோபுரம் போலவே இருக்கும். கட்டினது 1932-இல், வரைந்தது மேரி கோல்ட்டர் என்ற பெண்மணி. பெண்கள் கட்டடக் கலையில் இருப்பதே அபூர்வமான அந்தக் காலத்தில், 1905-லிருந்து அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒவ்வொரு கட்டடமாக அமைத்தவள். அந்தக் கோபுரத்தடியில்தான் அக்கா வண்டியை நிறுத்தி இறங்கினாள். கை விரல்கள் மடக்கினபடியே இருந்தன. நான் பிடித்து விட்டேன்.

கிராண்ட் கான்யனைப் பற்றி என்னவென்று எழுதுவது! நீளம் 277 மைல், ஆழம் ஒரு மைல். அடியில் கொலராடோ ஆறு ஒரு நூல் மாதிரி. படத்தில் பார்த்தது ஒன்றுமே இல்லை. நமக்கு இன்னும் ஆச்சரியம், உள்ளே எழும்பி நிற்கும் சிகரங்களின் பெயர்கள். விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில்! 1880-களில் அங்கே ஆராய்ச்சி செய்த கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியல் நிபுணர் கீழை நாட்டுப் பெயர்களாக வைக்க ஆரம்பித்தாராம். ஆற்றின் அடியில் இருக்கிற, 170 கோடி வருஷத்துக்கும் மேற்பட்ட பாறைக்கும் விஷ்ணு என்றே பெயர். தெற்கு விளிம்பில் நின்றுகொண்டு அக்கா அந்த விஷ்ணு சிகரத்தைப் பார்த்து லலிதா சஹஸ்ரநாமம் சொன்னாள். நவராத்திரி ஆயிற்றே.

அங்கே தண்ணீர், கரண்ட், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள முகாமில் ஏழு இரவு. ஊறப் போட்ட கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப்பயறு என்று தினம் ஒரு சுண்டல். இடது பக்கத்து வண்டியில் எழுபத்துநாலு வயது அம்மாள், ஒரு நாயோடு தனியாக ஊர் சுற்றுகிறவள். கணவர் இருந்தவரை அவர்தான் ஓட்டினாராம். அவர் போன பிறகு அறுபத்தொன்பது வயதில் கற்றுக்கொண்டாளாம். இரண்டாம் நாள் அக்கா அவளைக் கொலுவுக்கு அழைத்தாள். வெற்றிலைக்கு எங்கே போவது? மஞ்சள் குங்குமம், வாழைப்பழம், சுண்டல், ஒரு புதுக் கைத்துண்டு. முதல் தாம்பூலம் அவளுக்குத்தான் கொடுத்தாள். அந்த அம்மாள் பரணைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிஷம் பேசவில்லை. பிறகு, "இந்த வண்டியின் வால்வெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். அவருக்கு என்றோம். மறுநாள் காலை கையுறையோடு வந்து, அத்திம்பேரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் குழாய் மாட்டி, திறந்து, அலம்பி, மூட வைத்துவிட்டுத்தான் போனாள்.

இப்படி வருஷக் கணக்கில் ஓடிவிட்டு, ஓட்ட முடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்று அவளைக் கேட்டேன். டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் ஆர்.வி.காரர்கள் சங்கம் ஒன்று இதற்கென்றே ஒரு இல்லம் வைத்திருக்கிறதாம். தங்கள் வண்டியிலேயே குடியிருக்கலாம், சாப்பாடும் உதவியும் கிடைக்கும். "உங்கள் குழந்தைகள்?" என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பள்ளத்தாக்கு விளிம்பில் 2023-இல் ஒரு சின்ன கிளினிக் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் எண்பது மைல் தள்ளி ஃப்ளாக்ஸ்டாஃப். அத்திம்பேர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். கிளம்பும்போது அவர் நோட்டில் அப்படி ஒரு பக்கம் இல்லை.

சரஸ்வதி பூஜையன்று வீடு வந்து சேர்ந்தோம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, ஸ்டியரிங்கிற்கு அக்கா சந்தனம் வைத்தாள். அத்திம்பேர் அந்தக் கழிவுக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவும் ஆயுதம்தானே?" என்றார். அதற்கு ஒரு பொட்டு, தூரத்திலிருந்து!

"என்னடி, சொல்லு. நடக்கிற காரியமா?" என்று என்னைக் கேட்டாள் அக்கா. நான் பார்த்ததைச் சொன்னேன். வண்டியில் அவள் பாதி வேலைதான் செய்தாள், பாதி நாள் சிரித்தாள். ஆனால் அந்த அமாவாசையன்று, ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்திருந்தால் நாங்கள் அந்த மலை மேல் என்ன செய்திருப்போம்? அத்திம்பேர் கேட்டுக்கொண்டே இருந்தார். விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்க வைத்த பிறகு அக்கா தானாகவே சொன்னாள். "வீட்டை விக்க வேண்டாம். வாடகைக்கு விடுங்கோ. கராஜ் சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும். வருஷத்துல ஆறு மாசம் சுத்துவோம், ஆறு மாசம் பெரியவள் ஆத்துக் கொல்லையில வண்டியை நிறுத்திண்டு பேத்தியோட இருப்போம். ஓட்டறது ஆளுக்கு ஒரு நாள்."

"சரி" என்றார். ஒரு வருஷச் சண்டை அந்த ஒரு வார்த்தையில் முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அதன்படியே 2024 முதல் நடக்கிறது. என் கணவருக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நாமளும் ஒரு வேன் வாங்கினா என்ன?" என்கிறார். முதலில் என்னை ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள விடுங்கள் என்றிருக்கிறேன். போன வாரம் அக்காவிடமிருந்து போன். இந்தத் தடவை யாராவது வந்தால் இரண்டு பொம்மை கொடுத்து அனுப்ப வேண்டுமாம். நாலு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாதாம். மண் பொம்மை வேண்டாம், கனம், பெட்ரோல் குடிக்கும், காகிதக் கூழில் செய்ததாகப் பார்த்து வாங்கு என்றாள்.